டாக்டரிடம் மறைத்த ஐந்து நாள்

எழுதத் தெரிந்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். நாலு பேர் கூடியிருந்தால் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள். மளிகைச் சீட்டைத் தவிர வேறு எதையும் எழுதிப் பல வருடமாகிறது. வியாதியைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி?

போன மாதம் ஆஸ்பத்திரி வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பெண் நின்றாள். முட்டி வீங்கிய தம்பியைக் கைத்தாங்கலாகப் பிடித்திருந்தாள். டாக்டர் அவனிடம் என்னவோ கேட்டார். கேள்வி முடியும் முன்பே அவள், “அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க” என்றாள். அந்தக் குரல் எனக்குத் தெரிந்த குரல். வெளியே வந்ததும் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் தம்பியை ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு போகும்வரை தூணோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கல்யாணமாகி ஒன்றரை வருடம். எழுபதுகளின் தொடக்கம். ராயபுரத்துக்கு வடக்கே, கடலோரக் குப்பத்தில், அம்மா வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தோம். அம்மா கரையில் ஏலத்தில் மீன் எடுத்து, வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் கூடை சுமந்து விற்பாள். அப்பா இல்லாத வீடு அந்தக் கூடையில்தான் நின்றது. நானும் அவள் பின்னால் போவேன். கூவுவதும் பேரம் பேசுவதும் அம்மா. மீனைச் செதில் சீவி வெட்டிக் கழுவிக் கொடுப்பது நான்.

என் கணவர் எர்ணாவூர்ப் பக்கத்துக்காரர். மீன்பிடிக்கிற வீட்டில் பிறந்தும் கட்டுமரம் ஏறாமல், ஹார்பரில் கப்பல் மூட்டை இறக்கும் வேலைக்குப் போனார். குப்பத்தில் அதுவே ஒரு குறை. கடலுக்குப் போகிறவன் எங்கே போகிறான் என்று ஊருக்கே தெரியும், ஹார்பருக்குப் போகிறவன் எங்கெல்லாம் போகிறான் என்று யார் கண்டது என்பார்கள். அவர் காதில் விழும்படியேதான் சொல்வார்கள். அவர் சிரித்துக்கொண்டு போய்விடுவார்.

எங்கள் சந்தில் எல்லோரும் கைக்கொண்ட ஒரு கட்டுப்பாடு இருந்தது. யாருக்கு வயிற்றால் போனாலும் வெளியே மூச்சு விடக் கூடாது. என் கல்யாணத்துக்கு முன் ஒரு மழைக்காலத்தில், கடைசி வீட்டுக்காரி தன் வீட்டுக்காரருக்கு வாந்தியும் பேதியும் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டாள். மறுநாளே கார்ப்பரேஷன் வண்டி வந்தது. அவரைத் தொத்துவியாதி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சந்து முழுக்க வெள்ளைப் பவுடர் கொட்டினார்கள். வாசல்தோறும் சுண்ணாம்புக்கட்டியால் என்னவோ எழுதினார்கள். அவர் பிழைத்துத் திரும்பி வந்தார். ஆனால் எங்கள் சந்துப் பெண்களிடம் ஒரு மாதம் யாரும் மீன் வாங்கவில்லை. “காலரா சந்து மீனா?” என்று கதவைச் சாத்தினார்கள். அந்தக் கடைசி வீட்டுக்காரியோடு அதன் பிறகு யாரும் பேசவில்லை. குழாயடியில் அவள் குடத்தை நகர்த்தி வைப்பார்கள். வருடம் திரும்புவதற்குள் அவர்கள் மாத்தூர்ப் பக்கம் குடிபோய்விட்டார்கள்.

ஐப்பசி மழையில் என் கணவருக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. முதல் நாள் தண்ணீராக, இரண்டாம் நாள் சீதமும் ரத்தமுமாக. ஐந்து நாள் படுத்துக் கிடந்தார். நான் மாதுளைத் தோலைக் கஷாயம் வைத்தேன், ஜவ்வரிசிக் கஞ்சி கொடுத்தேன். தலைவலி என்று சொல்லி அம்மாவைத் தனியாக அனுப்பிவிட்டு, பெண்கள் எல்லாம் மீன் விற்கப் போன நேரமாகப் பார்த்து அவர் துணிகளை அலசினேன். எர்ணாவூரில் ஒரு சாவு என்று அவர் வேலை செய்யும் இடத்துக்குச் சொல்லி அனுப்பினேன். அந்த வாரம் இன்னும் மூன்று நான்கு வீடுகளில் பகலில் கதவு சாத்தியிருந்ததைக் கவனித்தேன். அவர்களும் என் கதவைக் கவனித்திருப்பார்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை.

ஆறாம் நாள் எழுந்து வேலைக்குப் போனார். முடிந்தது என்று நினைத்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் அவரால் குதிகாலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. இரண்டே நாளில் வலது முட்டி தேங்காய் அளவுக்கு வீங்கிவிட்டது. தொட்டால் சுட்டது. இடது காலில் ஒரு விரல் மட்டும் வாழைப்பிஞ்சுபோலப் பருத்துவிட்டது. இரண்டு கண்ணும் சிவந்தன. மெட்ராஸ் ஐ என்று எல்லோரும் சொன்னார்கள். சிறுநீர் கழிக்கும்போது எரிகிறது என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

அம்மா வாயு என்றாள். வலை இழுத்துச் சுளுக்கிக்கொண்டவர்களுக்கு உருவிவிடுகிற ஒருவரைக் கூட்டிவந்தாள். அவர் எண்ணெய் போட்டு முட்டியை அழுத்தி உருவினார். செங்கல்லைச் சுடவைத்துத் துணியில் சுற்றி ஒத்தடம் கொடுக்கச் சொன்னார். நான் மூன்று நாள் கொடுத்தேன். வீக்கம் தொடைவரை ஏறியது.

பிறகுதான் ஹார்பர் ஆட்கள் போகிற டிஸ்பென்சரிக்குப் போனோம். வயதான டாக்டர். முட்டியைத் தொட்டுப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார். சிறுநீர் எரிகிறதா என்று கேட்டார். இவர் ஆமாம் என்றார். அடுத்து டாக்டர் கேட்டார்: இதற்கு முன்னால், ஒரு மாதத்துக்குள், காய்ச்சல், வயிற்றுப்போக்கு, சீதபேதி ஏதாவது?

என் கணவர் வாயைத் திறந்தார். அதற்குள் நான், “அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க” என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் என்றால்கூட ஒரு சமாதானம் இருக்கும். தும்மல்போலத் தானாக வந்துவிட்டது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். டாக்டர் என்னை வெளியே நிற்கச் சொன்னார்.

உள்ளே என்ன கேட்டிருப்பார் என்று அப்போது எனக்குத் தெரியாது. அந்த டிஸ்பென்சரியின் பின்பக்கம் பச்சைத் திரை போட்ட ஓர் அறை உண்டு. கெட்ட இடத்துக்குப் போய் வியாதி வாங்கியவர்களுக்கு அங்கேதான் ஊசி. ஹார்பரில் வேலை செய்கிற எல்லோருக்கும் அந்தத் திரை தெரியும். என் கணவரை அந்தத் திரைக்குள் அனுப்பினார்கள். பத்து நாள் தொடர்ந்து வரச் சொன்னார்கள். இரண்டாம் நாள் என்னையும் அழைத்து, கையில் ரத்தம் எடுத்தார்கள். முக்காடு போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மருந்து வாங்க வந்த எங்கள் எதிர்வீட்டு அக்கா என்னைப் பார்த்தாள்.

சாயந்திரத்துக்குள் சந்து முழுக்கத் தெரிந்துவிட்டது. அந்த அக்கா கெட்டவள் இல்லை. வாய்தான் நிற்காது. குழாயடியில் எல்லோர் முன்னாலும், “இன்னாடி, ஹார்பர்காரருக்கு இன்னும் எத்தினி ஊசி பாக்கி கீது? கப்பல்லேர்ந்து மூட்டைய எறக்கச் சொன்னா, இவரு வேற இன்னாத்தையோ எறக்கிக்கினு வந்துட்டாரு போல” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் குடம் நிரம்பும் முன்பே தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று அவரிடம் கேட்டேன். கேட்டேன் என்பதும் சரியில்லை. கஞ்சியை அவர் முன்னால் வைத்துவிட்டு, போனீங்களா என்று சுவரைப் பார்த்துச் சொன்னேன்.

“நான் எங்கியும் போவல” என்றார். கஞ்சியைக் கையில் எடுத்துக்கொண்டு, “உனுக்கு அது தெரியும்னு நென்ச்சேன்” என்றார்.

நான் நம்பவில்லை. ஐந்து நாள் அவர் படுத்துக் கிடந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். அந்தத் துணிகளை அலசியவள் நான். அவர் சொல்ல வாய் திறந்தபோது அடைத்தவளும் நானே. இருந்தும் ஊர் சொன்னதைத்தான் நம்பினேன். வயிற்றுக்கும் முட்டிக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை என்பது உண்மை. ஆனால் அவர் சொல்லை நம்புவதற்கு அந்தச் சம்பந்தம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

அவர் பாயை வாசல் பக்கம் போட்டேன். அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். டம்ளர் மாறிவிடக் கூடாதென்று அதன் அடியில் ஆணியால் ஒரு கோடு கிழித்தேன். அவர் அதைக் கவனித்தார். ஒரு நாள் குடித்துவிட்டுக் கவிழ்த்து வைக்கும்போது அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

அம்மா என்னைத் தன் வீட்டுக்கே திரும்பி வரச் சொன்னாள். “வுட்டுட்டு வந்துடு. ஞாயித்துக்கெழம பஞ்சாயத்துல வெச்சி அத்துக்கலாம். உனுக்கு இன்னா வயசாயிடுச்சி?” எங்கள் குப்பத்தில் கல்யாணத்தை அறுத்துவிடுவது பஞ்சாயத்தார் கையில் இருந்தது. அம்மன் கோயில் முன்னால் மணலில் உட்கார்ந்து பேசி முடித்துவிடுவார்கள். அம்மா போய் ஊர்த் தலைவரிடம் சொல்லியும் வந்துவிட்டாள். அறுத்துவிட்டால் அவர் எர்ணாவூருக்குத் திரும்ப வேண்டியதுதான். வியாதிக்காரன் என்ற பெயர் அவருக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை அவருக்கு இடது கண்ணில் வலி எடுத்தது. வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை காலை பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். தனியாக நடக்க முடியாததால் நானும் போனேன். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் என் தோளில் கை வைத்தார். நான் கொஞ்சம் நகர்ந்துகொண்டேன். அவ்வளவுதான் செய்தேன். அவர் கையை எடுத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிச் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தார். இத்தனை வருடத்தில் எனக்கு மறக்காமல் இருப்பது அந்தச் சுவர்தான்.

அங்கே ஒரு பெண் டாக்டர் பார்த்தார். நடுத்தர வயது, கண்ணாடி போட்டிருந்தார். கண்ணைப் பார்த்துச் சொட்டு மருந்து எழுதினார். அதோடு விடாமல் முட்டி, குதிகால், அந்தப் பருத்த விரல் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். டிஸ்பென்சரிச் சீட்டுகளைப் புரட்டினார். இரண்டு பேர் ரத்தத்திலும் ஒன்றுமில்லை என்று வந்திருப்பதாகச் சொன்னார். அந்த முடிவு ஒரு வாரமாக எங்கள் பையிலேயே இருந்திருக்கிறது. இங்கிலீஷில் இருந்ததால் நாங்கள் படிக்கவில்லை. முட்டியில் ஊசி குத்தி நீர் எடுத்து, சீழ் இல்லை என்று பார்த்துக்கொண்டார். பிறகு என் கணவரைப் பார்த்து, ஒரு மாதம் முன்னால் சீதபேதி வந்ததா என்று கேட்டார்.

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். டாக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நான் கார்ப்பரேஷன் ஆளு இல்லம்மா. வண்டியெல்லாம் அனுப்ப மாட்டேன். வந்துச்சா?”

தலையை மட்டும் ஆட்டினேன்.

டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. எனக்குப் புரியும்படி சொன்னார். குடலில் ஒரு கிருமி நுழைகிறது. அதை விரட்ட உடம்பு சண்டை போடுகிறது. கிருமி போன பிறகும் சிலருடைய உடம்பில் அந்தச் சண்டை ஓய்வதில்லை. மூட்டிலும் கண்ணிலும் சிறுநீர்ப் பாதையிலும் போய் நிற்கிறது. முட்டிக்குள் கிருமி இல்லை, சூடும் வீக்கமும் மட்டும்தான். சீதபேதி வந்த எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை, யாரோ சிலருக்குத்தான் ஆகும். கெட்ட வியாதிக்குப் பிறகும் இதே மாதிரி மூட்டு வீங்குவது உண்டு. அதனால் டிஸ்பென்சரி டாக்டர் கேட்டதில் தப்பில்லை என்றார். “அவர் சரியாத்தான் கேட்டிருக்கார். நீங்க சொன்ன பதில்தான் தப்பு.”

செங்கல் ஒத்தடத்தைச் சொன்னபோது மட்டும் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். கொதிக்கிற மூட்டுக்கு மேலும் சூடு வைக்காதீர்கள், உருவாதீர்கள் என்றார். ஐஸைத் துணியில் சுற்றிக் கொஞ்ச நேரம் வைத்து எடுக்க வேண்டும். மீன் விற்கிற வீட்டில் ஐஸுக்கா பஞ்சம்? வீக்கம் கடுமையாக இருக்கும்வரை காலுக்கு ஓய்வு. ஆனால் ஒரேயடியாக அசைக்காமல் போட்டால் மூட்டு இறுகிவிடும். வலி தணியத் தணியத் தினமும் மெதுவாக நீட்டி மடக்க வேண்டும். வீக்கத்துக்கு எழுதிய மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் போட வேண்டும், வயிறு எரிந்தாலோ மலம் கறுத்தாலோ வந்து சொல்ல வேண்டும். செருப்பில் குதிகாலுக்கு மெத்தென்று ஏதாவது வைத்துக்கொள்ளலாம். கண் மறுபடி வலித்தாலோ மங்கினாலோ அன்றைக்கே வர வேண்டும். மாதக்கணக்கில் ஆகும், பெரும்பாலும் இறங்கிவிடும், சிலருக்குத் திரும்பவும் வரும். கடைசியாக, தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

வெளியே மரத்தடியில் உட்கார்ந்தோம். டிஸ்பென்சரி டாக்டரிடமே நீங்கள் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். அந்த நேரத்திலும் பழியில் கொஞ்சத்தை அவர் பக்கம் தள்ளப் பார்த்தேன்.

“நீ இல்லன்னு சொன்னப்புறம் நான் ஆமான்னு சொன்னா, உன்ன பொய்க்காரி ஆக்கறதா ஆவாதா?” என்றார். “அத்தையோட கூடையும் கீதே.”

இதற்குப் பிறகாவது நான் நேராக அம்மாவிடம் போய்ச் சொன்னேன் என்று எழுத ஆசை. சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை போயிற்று, சனிக்கிழமையும் போயிற்று. பேதி என்று சொன்னால் சந்துக்கே துரோகி. அந்தக் கடைசி வீட்டுக்காரியின் குடத்தை நகர்த்தியவர்களில் நானும் ஒருத்தி. இப்போது என் குடத்தை நகர்த்துவார்கள். பஞ்சாயத்தில் அவரே சொல்லிக்கொள்ளட்டும் என்று காத்திருந்தேன். அவர் சொல்ல மாட்டார் என்றும் தெரிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் கூடினார்கள். ஆண்கள் மணலில் உட்கார்ந்தார்கள், பெண்கள் பின்னால் நின்றோம். அம்மா எழுந்து, என் பொண்ணு வியாதிக்காரனோடு வாழ வேண்டியதில்லை, அத்துவிடுங்கள் என்றாள். தலைவர் என் கணவரைக் கேட்டார். அவர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். நான் எங்கேயும் போகவில்லை, அதுக்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை என்றார். ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டினார். இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த யாரும் அங்கே இல்லை. அது கைமாறிக் கைமாறித் திரும்பி வந்தது.

தலைவர் என்னைக் கேட்டார். நான் பேசவில்லை. “இன்னாமா, வாழறியா, அத்துக்கறியா? சொல்லு, இருட்டப் போவுது” என்று இரண்டாம் தடவை கேட்டார். அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள்.

“அவருக்கு ஐப்பசில சீதபேதி ஆச்சி” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னும் உரக்கச் சொல்லச் சொன்னார்கள். “அஞ்சி நாளு ரத்தமா போச்சி. நான்தான் மறச்சேன். டாக்டரு கேட்டப்ப இல்லன்னு சொன்னதும் நான்தான். அதனாலதான் முட்டி வீங்கிக்கீது. இவுரு எங்கியும் போவல.”

அம்மாவின் விரல் என் கையை விட்டது. அன்று வெளிப்பட்டது என் வீட்டு வயிற்றுப்போக்கு மட்டுமில்லை, எங்கள் சந்தின் கதவுகள் எல்லாமே திறந்துகொண்டதுபோல் இருந்தது. அப்போது முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவர், எதிர்வீட்டு அக்காவின் மாமனார், சாவதானமாகச் சொன்னார்: “அப்ப நம்ம சந்துல பாதிப் பேருக்கு முட்டி வீங்கியிருக்கணுமே, நைனா.”

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும். எதிர்வீட்டு அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தன் மாமனாரை முறைத்தாள். அந்தச் சிரிப்பில், அந்த மாதம் கதவு சாத்தியிருந்த வீடுகள் எல்லாம் தங்கள் பேதியை ஒப்புக்கொண்டன. தலைவரும் சிரித்துவிட்டு, அத்துவிடுகிற பேச்சுக்கு இடமில்லை, ஹார்பர்காரரை இனி யாரும் ஒன்றும் சொல்லக் கூடாது என்று முடித்தார். எழுந்து போகும்போது, இந்தப் பேச்சு குப்பத்தைத் தாண்டக் கூடாது என்றும் சொன்னார்.

என் கணவர் சிரிக்கவில்லை. எழுந்திருக்கக் கை ஊன்றினார். நான் பக்கத்தில் போய்த் தோளைக் கொடுத்தேன். பிடித்துக்கொண்டார். அவர் உள்ளங்கை சுட்டது. தலைவர் இரண்டாம் தடவை கேட்ட பிறகுதான் நான் பேசினேன் என்பது அவருக்குத் தெரியும். அதைப் பற்றி அன்றும் கேட்கவில்லை, இன்றுவரை கேட்டதில்லை. முட்டி இறங்க ஐந்து மாதம் ஆயிற்று. பிறகு இரண்டு தடவை திரும்ப வந்து போனது. இப்போதும் மழைக்காலக் காலைகளில் குதிகாலை ஊன்றுவதற்கு முன் கொஞ்ச நேரம் பாயிலேயே உட்கார்ந்திருப்பார். நான் பார்க்காத மாதிரி இருப்பேன்.

பஞ்சாயத்துக்கு மறுநாள் திங்கட்கிழமை. கார்ப்பரேஷன் வண்டி வரவில்லை. அம்மா என்னைக் கூப்பிடாமல் தனியாகவே மீன் விற்கப் போனாள். கோடு கிழித்த டம்ளரைப் பழைய பாத்திரக்காரரிடம் போட்டேன். தண்ணீர் கொதிக்க வைத்தேன். மத்தியானம் அவரே தன் முட்டிக்கு ஐஸ் வைத்துக்கொண்டார்.